தவறும் பட்சத்தில்: தீவகக் காணி வழக்குகளில் நிபந்தனைக் கட்டளைகள்

புங்குடுதீவில் ஒரு வளவு. உடன்பிறந்தார் மூவருக்கும் பிரிக்கப்படாத பங்கு. மூத்தவர் தன் பங்கை மற்ற இருவருக்கும் சொல்லாமல் வெளியாருக்கு உறுதி முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஊரிலிருக்கும் தங்கை வழக்கு வைத்து வெல்கிறார். வென்ற அன்று அவருக்குக் கிடைப்பது ஒரு கெடு மட்டும்தான்: இன்ன திகதிக்குள் இன்ன தொகையை நீதிமன்றத்தில் கட்டினால் பங்கு அவர் பெயருக்கு மாறும், கட்டாவிட்டால் வென்ற வழக்கு தோற்ற வழக்காகும். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தரும், விற்கப்படும் காணியை முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமையை வைத்து நடக்கும் வழக்குகள் பொதுவாக இந்த அச்சில்தான் முடிகின்றன.

உரிமை பழையது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். 1707இல் பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பின்படி, காணி விற்க நினைப்பவர் உரித்தாளருக்கும் பங்குக்காரருக்கும், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் சொல்லியாக வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் இது தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு வாசிக்கப்படும் அறிவித்தலாக மாறியது. 1947இன் 59ஆம் இலக்க தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச்சட்டம் உரிமை கொண்டோரின் வட்டத்தைச் சுருக்கியது. பங்குக்காரரும், விற்பவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் அவருக்கு உரித்தாளராகக் கூடியவர்களும் மட்டுமே மிஞ்சினார்கள். யார் கேட்கலாம் என்பதைத்தான் அது சுருக்கியது. விலையைக் கட்டினால்தான் காணி என்ற அடிப்படை அப்படியே நின்றது.

இந்தியாவில் இதே வகை வழக்குக்கு 1908ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் கட்டளை 14ஆம் விதி தெளிவான வாசகம் தருகிறது. விலை கட்டப்படாமல் இருந்தால், எந்த நாளுக்குள் கட்டவேண்டும் என்பதைத் தீர்ப்பாணை குறிக்க வேண்டும். கட்டத் தவறினால் வழக்கு செலவுத்தொகையோடு தள்ளுபடியாகும் என்பதையும் அதே தாளில் சொல்ல வேண்டும். நாகுபா அப்பா எதிர் நாம்தேவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1954இல் இதைக் கறாராகவே பொருள்கொண்டது. மேன்முறையீடு செய்திருந்தேன், அதனால் கட்டவில்லை என்ற சாட்டு எடுபடவில்லை. மேன்முறையீடு தானாக எந்தக் கெடுவையும் நிறுத்திவைக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படிக் கெடு வைக்கும் நிபந்தனைக் கட்டளை ஒன்று பலிக்குமா என்பது, அதை நிறைவேற்றும் எழுத்தாணையோடு நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் படகேறும் நாளில் தெரியவரும் விஷயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் தலைவிதி அதற்கு வெகுமுன்பே, சமரச வாசகத்தை இரு சட்டத்தரணிகளும் சொல்லச் சொல்ல வழக்கேட்டில் எழுதும் அந்த அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இங்கே கட்டளைக்கும் காணிக்கும் நடுவே கடல் கிடக்கிறது. கட்சிக்காரரில் பாதிப்பேர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கிறார்கள்.

இலங்கைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889இன் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதன் 217ஆம் பிரிவு தீர்ப்பாணைகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது: பணம் கட்டு, அசையும் பொருளைக் கொடு, காணியின் உடைமையை ஒப்படை, உறுதி எழுதிக்கொடு, இன்ன செயலைச் செய், இன்னதைச் செய்யாதே, வெறுமனே உரிமையை அறிவிப்பது. நிபந்தனைக் கட்டளை என்று தனியாக ஒரு வகை அங்கே இல்லை. அது இந்த ஏழில் ஏதோ இரண்டை ஒரு ‘ஆனால்’ போட்டுக் கட்டிவைத்தது. நிறைவேற்றக் கேட்டு வருபவர் முதலில் அந்த ‘ஆனால்’ தீர்ந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்கு அடுத்தபடிதான், இப்போது எந்த வகைக் கட்டளை உயிர்பெற்றிருக்கிறது, அதற்குரிய வழி எது என்ற கேள்வி.

வாசகம் எப்படிக் காலை வாருகிறது என்று பார்க்கலாம். நான் இட்டுக்கட்டும் ஒரு மாதிரி இது: “எதிராளி வழக்காளிக்கு ரூபா ஆறு இலட்சத்தை எதிர்வரும் மார்ச் 31ஆம் திகதிக்கு முன் செலுத்துவார். தவறும் பட்சத்தில் வழக்காளி எழுத்தாணை பெற உரித்துடையவர்.” கேட்கும்போது எல்லாம் சொல்லியாயிற்று போலத்தான் இருக்கும். எதற்கான எழுத்தாணை? ஆறு இலட்சத்தை அறவிடவா, எதிராளியைக் காணியை விட்டு எழுப்பவா? பணத்தை வழக்காளி கையில் கொடுப்பதா, நீதிமன்றத்தில் கட்டுவதா? ஐந்து இலட்சத்து எண்பதாயிரம் கட்டியிருந்தால் அது தவறுதலா? ‘31ஆம் திகதிக்கு முன்’ என்றால் 31ஆம் திகதி உள்ளடக்கமா? தவறிய மறுநாளே எழுத்தாணை எடுக்கலாமா, எதிராளிக்கு அறிவித்தல் அனுப்பி விசாரித்த பிறகா? இரண்டு வரிக்குள் ஐந்து வழக்கு ஒளிந்திருக்கிறது. கோவையின் 408ஆம் பிரிவின்படி கட்சிக்காரர் இணங்கியது அப்படியே தீர்ப்பாணையாகிறது. நீதிபதி தானாகத் தீர்த்த கட்டளை என்றால் அதை விளக்க அவருக்கு ஓரளவு கையசைக்க இடமுண்டு. இணக்கக் கட்டளையில் அந்த இடமும் குறைவு. அதன் நிபந்தனை கட்சிக்காரர் சொந்தமாகச் செய்துகொண்ட ஒப்பந்தமாயிற்றே.

பணம் எங்கே கட்டப்பட்டது என்ற கேள்விதான் தீவகத்தில் எல்லாவற்றையும்விடக் கனமானது என்று எனக்குப் படுகிறது. வழக்காளி கனடாவில். ஊரில் அவருடைய அற்றோணித் தத்துவத்தை வைத்திருப்பவர் மைத்துனர். எதிராளியின் மகன் சுவிசிலிருந்து உண்டியலில் பணம் அனுப்புகிறான். அது மைத்துனரிடம் போய்ச் சேருகிறது. கோயில் வாசலில், இரண்டு பெரியவர்கள் பார்த்திருக்க. “காசு குடுத்தாச்சு” என்றால் ஊர் ஏற்றுக்கொள்ளும். நீதிமன்றம் ஏற்காது. கோவையின் 349ஆம் பிரிவு சொல்வது இது: தீர்ப்பாணைப் பணம் நீதிமன்றத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டால், பெற்றுக்கொண்டவர் அதை நீதிமன்றத்துக்கு அத்தாட்சிப்படுத்த வேண்டும். அவர் செய்யாவிட்டால் கொடுத்தவர் மனுப்போட்டு, மற்றவருக்கு அறிவித்தல் அனுப்பி, நீதிமன்றத்தைப் பதிவுசெய்ய வைக்க வேண்டும். இரண்டும் நடக்காத கொடுப்பனவு நீதிமன்றக் கண்ணுக்குக் கொடுப்பனவே அல்ல.

இந்த விதி கொடுமையானது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தாணையும் ‘கொடுத்தேன், கொடுக்கவில்லை’ என்ற புது வழக்காக முளைக்கும். ஆனால் விதியைச் சமரச நாளில் எதிராளிக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நீதிமன்றத்தில் கட்டுவதென்றால் பதிவாளர் கந்தோரில் வைப்புக்குரிய தாளைப் பெற்று, பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை வழக்கேட்டில் சேர்ப்பிக்கும்வரை வேலை முடியவில்லை. பற்றுச்சீட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்குப் பின்னால் எழுத்தாணை வரலாம்.

பணத்துக்கு அடுத்தது நேரம். இலங்கை நீதிமன்றங்களில் நன்றாகப் பழகிய ஒரு நிபந்தனை உண்டு. வழக்கைத் தவணை போடக் கேட்கும் கட்சிக்காரர் மற்றவருக்கு ஒரு செலவுத்தொகை கட்ட வேண்டும். அதை அடுத்த தவணையன்று காலை 10 மணிக்கு முன் கட்டாவிட்டால் அவர் வழக்குத் தள்ளுபடி, அல்லது அவருக்கு எதிராகத் தீர்ப்பு. கொழும்பில் பத்து மணி என்பது பெரும்பாலும் வீதி நெரிசலைப் பொறுத்தது. நெடுந்தீவுக்காரருக்கு அது காற்றைப் பொறுத்தது. குமுதினியோ வடதாரகையோ நெடுந்தாரகையோ, ஓடுகிற படகில் ஏறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் புங்குடுதீவைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கோ பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ போய்ச் சேர வேண்டும். சோளகம் வீசும் மாதங்களிலும் வாடைக்காலக் கொந்தளிப்பிலும் படகு ஓடாத நாள்கள் வரும். நயினாதீவுக்காரருக்குக் கடல் குறுகியது, கால்மணி நேரத்துப் பயணம். ஆனாலும் படகு கட்டிக் கிடக்கும் நாளில் இரு தீவும் ஒன்றுதான்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? பொருள்கோடல் கட்டளைச்சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது: கடைசி நாளில் நீதிமன்றமோ கந்தோரோ மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்தது காலத்துக்குள் செய்ததாகும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது எழுத்திலான சட்டம் குறித்த கால எல்லையைப் பற்றி. கட்சிக்காரர் தாங்களே இணங்கிக் குறித்த எல்லையைப் பற்றியல்ல. மேலும் அதற்கு நீதிமன்றம் மூடியிருக்க வேண்டும். ஊர்காவற்றுறையில் நீதிமன்றம் திறந்திருந்து, நெடுந்தீவு இறங்குதுறையில் படகு கட்டிக் கிடந்தால் அந்தச் சொற்கள் உதவாது. பிறகு நீதிமன்றம் சாயக்கூடிய இடம் கோவையின் 839ஆம் பிரிவு காப்பாற்றும் உள்ளார்ந்த அதிகாரம்தான். அது நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே இந்தியக் குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆம் பிரிவு நீதிமன்றம் குறித்த காலத்தை நீட்டிக்க வெளிப்படையாக அதிகாரம் தருகிறது, காலம் முடிந்த பின்பும்கூட. 1961இல் மகந்த் ராம்தாஸ் எதிர் கங்காதாஸ் வழக்கில், குறைவாகக் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டாததால் மேன்முறையீடு தானாகத் தள்ளுபடியாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் முன்பு கையை விரித்திருந்தது. மேன்முறையீடு செய்தவர் கெடு முடியுமுன்பே அவகாசம் கேட்டு மனுப்போட்டிருந்தார்; மனு விசாரணைக்கு வந்ததுதான் பிந்தி. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு, இப்படியான கட்டளைகள் தாமதிப்பவரை அச்சுறுத்தி வழிக்குக் கொண்டுவருவதற்கே, நீதிமன்றத்தின் கையையே கட்டிப்போடுவதற்கல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நீட்டிப்பை மொத்தம் 30 நாளுக்குள் அடைத்தது. 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அடைப்பைத் தளர்த்தியது: கட்சிக்காரரின் கைக்கு மீறிய காரணம் என்றால் 30 நாளுக்கு மேலும் நீட்டிக்கலாம். இங்கிலாந்து எதிர்த்திசையில் நிற்கிறது. மார்க்கன் ஷிப்பிங் எதிர் கெஃபலாஸ் வழக்கில் 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ‘செய்யாவிட்டால்’ என்று எழுதிய கட்டளையின் தண்டனை தவறிய கணத்திலேயே தானாக விழும் என்றது. தப்ப வேண்டுமென்றால் தவறியவர்தான் நிவாரணம் கேட்டு வர வேண்டும். தீவகத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டால், தண்டனை தானாக விழட்டும் என்பேன். ஆனால் ‘இறங்குதுறையிலிருந்து பயணிகள் படகு ஓடாத நாள் கணக்கில் சேராது’ என்ற ஒரு வரியும் கட்டளையிலேயே இருக்கட்டும். அதை எழுதப் புதுச் சட்டம் தேவையில்லை, பேனா போதும்.

பாகப்பிரிவினை வழக்கு இதில் கொஞ்சம் நல்ல முறையில் அமைந்தது. 1977இன் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டம் நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. ஒருவருக்கு விழுந்த துண்டு அவர் பங்கின் பெறுமதியை மிஞ்சினால் மற்றவருக்குச் சமன்செய்யும் தொகை கொடுக்க வேண்டும். அவர் துண்டில் மற்றவர் கட்டிய கிணறோ வீடோ இருந்தால் அதற்கு நட்டஈடு. இந்தத் தொகைகளைக் கட்டும்வரை உடைமையை ஒப்படைக்கும் கட்டளையைக் கேட்க அவருக்கு உரித்தில்லை என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தாணையைக் கேட்டு வருபவரிடமே பற்றுச்சீட்டையும் கேட்கிறது சட்டம். யார் எதைக் காட்ட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

கையில் எழுத்தாணையோடு பிஸ்கால் வந்த பிறகு நடப்பது வேறு வகைத் துன்பம். இறுதித் தீர்ப்பாணையில் நிலஅளவையாளரின் வரைபடம் இருக்கிறது. நிலத்தில் வரைபடம் இல்லை. நெடுந்தீவில் எல்லை பெரும்பாலும் பவளப்பாறைக் கல்லை அடுக்கிய வேலி. கல் சரியும், திரும்ப அடுக்குவார்கள், அடுக்கும்போது இரண்டடி அங்கே இங்கே நகரும். வேலணையிலும் புங்குடுதீவிலும் உறுதியில் ‘வடக்கு எல்லை இன்னாரின் வளவு’ என்று பெயரிட்டிருக்கும் குடும்பம் 1990களின் தொடக்கத்தில் எழும்பிப் போனது, திரும்பவில்லை. அவர்களுடைய வளவு இப்போது பனங்கூடலும் பற்றையும். யாராவது வழிமறித்தால் கோவையின் 325ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். அந்த மாதமும் படகுக் கணக்கில்தான் ஓடும்.

காணித் தகராறு கைகலப்புவரை போகும் நிலை வந்தால் விஷயம் குடியியல் நீதிமன்றத்தை விட்டு நீதவானிடம் போகிறது. 1979இன் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு தீவகத்தில் நன்றாகத் தெரிந்த எண். பொலிஸ் அறிக்கை போடும், அல்லது கட்சிக்காரர் தாமே மனுப்போடுவார். நீதவான் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தகவல் கொடுத்த நாளில் காணி யார் கையில் இருந்தது, அல்லது அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டாரா. ராமலிங்கம் எதிர் தங்கராசா வழக்கில் 1982இல் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது: காணி யாருடையது என்பது இந்த விசாரணையின் கேள்வியல்ல, யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. தரப்படும் கட்டளைக்கு ஒரு வால் உண்டு: தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையால் வெளியேற்றப்படும்வரை இவர் இருக்கலாம்.

இதுவும் நிபந்தனைக் கட்டளைதான்; நிபந்தனை மட்டும் முடிவில் இருக்கிறது. மீறினால் தண்டனைக்குரிய குற்றம் என்பதால் இதன் நிறைவேற்றம் மற்றவற்றைவிட உறுதி. சிக்கல் அந்த வாலில். தோற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்க வேண்டும். அவர் கனடாவில், அல்லது அவரிடம் செலவுக்குப் பணமில்லை, அல்லது 66இல் தோற்றதே எல்லாம் தோற்றது என்று நினைத்துவிடுகிறார். தற்காலிகக் கட்டளை அப்படியே கிடந்து பத்து வருட ஆட்சியுரிமைக்கு விதையாகிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. விசாரணையைத் தொடங்கும் நீதிபதி, இந்தக் கட்டளை குடியியல் வழக்கில் நிலைநாட்டக்கூடிய உரிமையைப் பாதிக்காது என்பதைக் கட்சிக்காரருக்கு விளக்க வேண்டும் என்று 74ஆம் பிரிவே கடமை விதிக்கிறது. அந்த விளக்கம் தமிழில், பொறுமையாக, கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறதா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வளவு அடுத்த தலைமுறைக்குப் போவதும் போகாததும் இருக்கிறது.

கடைசியாகப் பத்து வருடக் கணக்கு. கோவையின் 337ஆம் பிரிவின்படி தீர்ப்பாணையை நிறைவேற்ற விண்ணப்பிக்கப் பத்து ஆண்டுக்கு மேல் கிடையாது. சாதாரணத் தீர்ப்பாணைக்கு அந்தப் பத்து ஆண்டு தீர்ப்பு நாளிலிருந்து ஓடும். குறித்த திகதியில் பணம் கட்டவோ பொருள் ஒப்படைக்கவோ சொல்லும் கட்டளைக்குத் தவறிய நாளிலிருந்து ஓடும். தவணை முறையில் கட்டுவதென்றால் தவறிய ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கணக்கு. இங்கேயும் வாசகம்தான் ஆட்சி செய்கிறது. ‘காணி விற்றவுடன் கட்டுவேன்’ என்று திகதியில்லாமல் எழுதியவருக்கு எந்த நாளிலிருந்து ஓடும்? அது தவறுதல் எப்போது நடந்தது என்ற இன்னொரு விசாரணையாக விரியும். மேன்முறையீட்டுக் காலம் முடியுமுன் நிறைவேற்ற விண்ணப்பிக்க முடியாது என்கிறது 761ஆம் பிரிவு. ஆனால் கட்டளைக்குள்ளிருக்கும் கெடு அதற்காகக் காத்திருப்பதில்லை. அறுபது நாள் மேன்முறையீட்டுக் காலத்துக்குள்ளேயே பணம் கட்டும் திகதி விழுந்தால், கட்ட வேண்டியவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

போர்க்காலத்தில் இந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கையில் தீர்ப்பாணை இருந்தவர் சென்னை அகதி முகாமில், காணி இருந்த தீவு கடற்படையின் கட்டுப்பாட்டில். 2016இன் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போர்ச் சூழலால் நீதிமன்றம் போகமுடியாமற் போனவருக்கு எதிராகக் கணக்கிடாமல் விட வழி செய்தது. அது அசையா ஆதனம் பற்றிய ஆட்சியுரிமைக் கணக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 337ஆம் பிரிவின் பத்து ஆண்டுக்குள் தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாமற் போனவரின் நிலை வேறு. அவர் காணிக்கு உரித்தாளர் என்பதை நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது, அந்தச் சொல்லைச் செயலாக்கும் காலம்தான் கடந்துபோயிற்று. அவர் கையில் இருப்பது முத்திரை குத்திய ஒரு தாள். அதை வைத்து எழுத்தாணை கேட்டால் ‘காலம் கடந்தது’ என்று எதிராளி எழுந்து சொல்வார். தீர்ப்பாணை வைத்திருப்பவரின் சட்டத்தரணி 839ஆம் பிரிவைப் புரட்டத் தொடங்குவார்.